கோணமலையின் காலடியில்

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, இராவணன் வெட்டுப் பக்கம் வந்து நின்று கீழே எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளை வரம் கேட்டு மரக்கிளையில் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். 300 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பாறை, அடியில் வெள்ளை நுரை, அதற்கு அப்பால் கருநீலம். அந்த நுரையோடு பாறை நின்றுவிடுவதில்லை. உடைந்து விழுந்த பெருங்கற்களாக, இடுக்குகளாக, குடைவுகளாகத் தண்ணீருக்குள்ளும் இறங்கிக்கொண்டே போகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் ஸ்கூபா செய்கிறவர்கள், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முங்குகிறவர்கள், இந்த இடத்தைத் தேடி வருவது அதற்காகத்தான். வந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் ‘தெளிந்த தண்ணீர், அழகான மீன்கள்’ என்று இருக்கும். இத்தனை உயிர்கள் ஏன் இந்தப் பாறையில் வந்து குவிந்தன என்ற கேள்வி அதைவிட சுவையானது.

கடலில் எதற்குப் பஞ்சம் என்று கேட்டால் சாப்பாட்டுக்கு என்போம், வெளிச்சத்துக்கு என்போம். கரையோரத்தில் பெரிய பஞ்சம் பிடிமானத்துக்கு. கடலடி பெரும்பாலும் மணலும் சேறும்தான். அலை அதை ஓயாமல் புரட்டிப் போடுகிறது. கடற்பஞ்சு, பவளம், மட்டி, கடல் விசிறி எல்லாம் குஞ்சுப் பருவத்தில் பொடிப் பொடியாகத் தண்ணீரில் மிதந்து திரிகிறவை. வளர வேண்டுமென்றால் ஒருநாள் எங்காவது ஒட்டியே ஆக வேண்டும். மணலில் இறங்கினால் அடுத்த அலையில் புதைந்துபோகும். அசையாத கல் கிடைத்தால் பிழைத்தது. கோணமலையோ கேம்பிரியன் காலத்துக்கும் முந்தைய உருமாற்றப் பாறை. அலை அடித்து அடித்துத் தேய்ப்பதற்கு அவ்வளவு சீக்கிரம் இடம் கொடுக்காத கல். மணற்கரைகள் நீண்டு கிடக்கும் ஒரு கடலோரத்தில் இப்படி ஒரு மலை தண்ணீருக்குள் கால் நீட்டியிருந்தால், மிதந்து திரியும் குஞ்சுகளுக்கு அது ஊர் கிடைத்த மாதிரி.

கொட்டலசை எடுத்துக்கொள்ளுங்கள். படகின் அடியில் ஒட்டிக்கொண்டு மீனவர்களைச் சுரண்ட வைக்கிறதே, அதேதான். ஓட்டுக்குள் இருப்பதால் சிப்பி வகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். அதன் குஞ்சு பாறையில் இறங்கியதும் உடனே ஒட்டுவதில்லை. உணர்கொம்பை ஊன்றி ஊன்றி நடந்து இடம் பார்க்கும். தன் இனத்தார் ஏற்கெனவே குடியிருக்கும் இடமென்றால் அதற்கு நம்பிக்கை. முடிவு செய்ததும் தலையைப் பாறையில் வைத்து, தானே சுரக்கும் பசையால் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழுப்பும். அப்புறம் ஆயுள் முழுக்கத் தலைகீழாகக் கிடந்து, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி, வருகிற இரையை வாரி வாயில் போட்டுக்கொள்ளும். இலங்கைக் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. அதனால் மாறி மாறி நனைந்து காயும் பாறைப்பட்டை குறுகலானது. அதைத் தாண்டி இறங்கினால் எப்போதும் நனைந்தே இருக்கும் பாறைதான்.

அங்கே ஒரே கல்லுக்கு இரண்டு முகம். வெயில் விழும் மேற்பக்கம் பாசிக்கும் பவளத்துக்கும். பவளப்பூச்சியின் தசைக்குள் நுண்பாசி குடியிருந்து வெயிலில் சமைத்துத் தருகிறது. அதனால் அதற்கு வெளிச்சம் வேண்டும். கல்லின் அடிப்பக்கம், குடைவின் கூரை ஆகிய நிழலான இடங்கள் எல்லாம் வடிகட்டிப் பிழைக்கிறவர்களுக்கு. ஒரு கடற்பஞ்சு தன் பருமனைப்போல் பல ஆயிரம் மடங்கு தண்ணீரை ஒரே நாளில் உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களைப் பிடித்துக்கொண்டு வெளியே விடும். செம்மஞ்சள் நிறக் கிண்ணப்பவளம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பாசிக் கூட்டாளி கிடையாது, ஆகவே வெயிலும் தேவையில்லை. பகலில் மொட்டாகச் சுருங்கிக் கிடந்து, இருட்டியதும் விரிந்து இரை பிடிக்கும். தட்டையான பாறையில் இந்த இரண்டு உலகமும் அமையாது. கல் கவிழ்ந்து, சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று கிடக்கிற இடத்தில்தான் வெயிலும் நிழலும், அலையும் அமைதியும் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கும்.

வடிகட்டுகிறவர்களுக்குத் தண்ணீரில் ஏதாவது வந்தால்தானே வாழ்வு? அதற்கும் திருகோணமலையில் வழி இருக்கிறது. துறைமுக வாசலுக்கு வெளியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. இந்துமாக்கடலின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று அது. ஆழ்கடலில் முடியும்போது 3,000 மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் ஆழம் வந்துவிடுவதால்தான் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த மலையுச்சியில் நின்றபடியே நீலத்திமிங்கிலம் மூச்சு விடுவதைச் சிலர் பார்த்துவிடுகிறார்கள். தெற்கே கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து கலக்கிறது. நாட்டின் மிக நீளமான ஆறு கொண்டுவரும் சத்தும், ஆழத்தின் பக்கத்திலிருந்து ஓடிவரும் தண்ணீரும் பாறையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நீரோட்டம் மோதும் முனையில் சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாக முகத்தை ஓட்டத்துக்கு எதிரே வைத்து நின்ற இடத்திலேயே நீந்தும். அவற்றுக்குப் பின்னால் பாரை மீனும் சீலாவும் சுற்றும். காலை வெளுக்கும் நேரத்திலும் அந்தி மங்கும் நேரத்திலும் அந்த முனையில் நடக்கும் வேட்டை, பார்த்தவர்களுக்கு மறக்காது.

சரி, இது பாறை செய்தது. கோணமலையில் மனிதர் செய்ததும் சேர்ந்திருக்கிறது. 1620களில் போர்த்துக்கீசத் தளபதி கான்ஸ்தந்தீனு த சாவின் படை இந்த மலையிலிருந்த கோயிலை இடித்தது. கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போயிற்று. இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாசலில் பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லை இப்போதும் பார்க்கலாம். மீதியில் எவ்வளவோ மலையிலிருந்து கடலுக்குள் போயிற்று. 1956இல் இலங்கைக்குக் குடிவந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்த மலையடியில் முங்கியபோது செதுக்கிய கற்களும் தூண்களும் பாறைகளுக்கிடையே கிடப்பதைக் கண்டார்கள். வில்சன் ஒரு லிங்கத்தையும் மேலே கொண்டுவந்தார். பிற்காலத்தில் அவர் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். 1963இல் மலைமேல் புதுக் கோயில் குடமுழுக்குக் கண்டது. கடலடித் தூண்களில் பல இன்னும் அங்கேயே கிடக்கின்றன.

தமிழர்கள் இதை நினைக்கும்போது மனதில் வருவது இழப்புதான், எனக்கும் அப்படித்தான். ஆனால் கடல் அந்தத் தூண்களை என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். உளி பட்ட கல்லும் கல்தான். சதுரமாக வெட்டிய தூண் சாய்ந்து கிடந்தால் அதற்கும் ஒரு வெயில் முகம், ஒரு நிழல் முகம், மணலோடு ஓர் இடுக்கு. பிடிமானத்துக்கு அலைந்தவை அதிலும் வந்து ஒட்டின. இப்படிப்பட்ட ஒரு கல்லின் பக்கத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்தால் போதும். முதலில் இடுக்கிலிருந்து இரண்டு நீள மீசைகள் தெரியும், சிங்கி இறால். அப்புறம், வெறும் கல் என்று நினைத்த ஒரு திட்டு மூச்சு விடுவது தெரியும். அது பேய்க்கணவாய் என்னும் ஆக்டோபஸ், மூன்று இதயமும் செம்பு கலந்த நீல இரத்தமும் உள்ள பிராணி. நிறத்தை மட்டுமல்லாமல் தோலின் சொரசொரப்பைக்கூடக் கல்லைப்போல மாற்றிக்கொள்ளும். அப்படியே இடப்பக்கம் பார்த்தால், விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட ஒரு குட்டி மீன் துள்ளித் துள்ளி ஆடும். இதுதான் துப்புரவு மீன். அதன் முன்னால் பெரிய கலவா ஒன்று வாயைப் பிளந்து, செவுளை விரித்து நிற்கும். குட்டி மீன் அந்த வாய்க்குள் நுழைந்து பல்லிடுக்கில் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்றுவிட்டுச் செவுள் வழியாக வெளியே வரும். பின்னால் இன்னும் இரண்டு மூன்று மீன்கள் முறை வைத்துக் காத்திருக்கும். நினைத்தால் ஒரு கடியில் விழுங்கிவிடலாம், கலவா விழுங்குவதில்லை.

இடுக்கிலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை என்னும் பாம்பு போன்ற மீனைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுவார்கள். கடிக்க வருகிறதாக நினைப்பு. அது மூச்சு வாங்குகிறது, அவ்வளவே. வாய் வழியே தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பும் முறை அது. ஆனால் இடுக்குக்குள் கையை விட்டால் கதை வேறு. அஞ்சாலையின் தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது. முன்வாய் கவ்வியதும் அது முன்னே பாய்ந்து வந்து இரையை உள்ளே இழுக்கும். அறிவியலாளர்கள் இதைப் படம் பிடித்து உறுதி செய்ததே 2007இல்தான்.

இன்னொன்று, சத்தம். உயிருள்ள பாறைக்குப் பக்கத்தில் இறங்கியதும் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். சொடுக்கிறால் என்னும் சின்ன இறால் தன் பெரிய கொடுக்கைச் சொடுக்கும்போது தண்ணீரில் ஒரு குமிழி தோன்றி உடைகிறது. அந்த உடைப்பின் சத்தம்தான் அது. ஆயிரக்கணக்கில் சேரும்போது பொரியல் சத்தமாகிவிடுகிறது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நமக்குப் பிடிபடாது. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நாலு மடங்கு வேகத்தில் போவதால் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது. மிதந்து திரியும் மீன் குஞ்சுகளும் பவளக் குஞ்சுகளும் இந்தப் படபடப்பை நோக்கி வருவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. குடியிருக்கிறவர்களின் இரைச்சலைக் கேட்டே புதியவர்கள் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். பாறை வெறிச்சோடினால் சத்தமும் குறையும். சத்தம் குறைந்தால் வந்து சேர்கிறவர்களும் குறைவார்கள்.

இதையெல்லாம் பார்க்கப் போகிறவரின் உடம்புக்கு வருவோம். மன்னாரில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் காலில் கட்டி இறங்கினார்கள். அவர்களுக்கு விதி: மூச்சை அடக்கு. ஸ்கூபாவில் முதல் விதி நேர் எதிர்: மூச்சை ஒருபோதும் அடக்காதே. முத்துக்குளிப்பவர் கரையிலேயே நிரப்பிய காற்றோடு போகிறார். ஆழத்தில் அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். ஸ்கூபா செய்பவரோ ஆழத்தில் இருந்தபடியே, அங்குள்ள அழுத்தத்துக்கு ஏற்ற காற்றை ரெகுலேட்டர் வழியாக வாங்குகிறார். 1943இல் பிரெஞ்சுக்காரர்களான குஸ்தோவும் கான்யானும் செய்து காட்டியது இந்தக் கருவியைத்தான். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய வாங்கிய காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது.

சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பதும் அதே கணக்கு. ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2,400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவருக்குக் கரையில் அது இரண்டு மணி நேரம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. நிமிடத்துக்கு 60 லிட்டர் போகும். 50 பாரைக் கையிருப்பாக விட்டால் மீதி அரை மணி நேரத்துக்குத்தான். பதறுகிறவருக்கு அதுவும் வராது. நிதானமாக மூச்சு விடுகிறவர் அதிக நேரம் இருக்கிறார், அதிகம் பார்க்கிறார்.

நைட்ரஜன் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளில் சிலிண்டர் என்பது பொழுதுபோக்குக் கருவி மட்டுமில்லை. கடலட்டையும் சங்கும் எடுக்கிறவர்களின் பிழைப்பு. அழுத்தத்தில் வாங்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். சடாரென்று வந்தால் சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டில் நின்றால் தாங்கமுடியாத வலி. தண்டுவடத்தில் நின்றால் கால் விழுந்துபோகும். ஒரு நாளைக்கு நாலைந்து சிலிண்டர் என்று இறங்கி, இப்படி நடக்க முடியாமல் போன சுழியோடிகள் இந்தக் கரைகளில் உண்டு. சுற்றுலாவாக வருகிறவருக்கு நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் சொல்வதைக் கேள், விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறு என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள். அதே கடலில் பிழைப்புக்கு இறங்குகிறவர் கையில் பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டரே இருப்பதில்லை. இது எனக்கு ஒப்பவில்லை. பாதுகாப்புப் பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்.

பாறையோரத்தில் முங்குவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அலை பாறையில் மோதித் திரும்பும்போது உள்ளேயும் தண்ணீர் முன்னும் பின்னுமாக ஊசலாடும். அதை எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவீர்கள். கூடவே போய்க் கூடவே வர வேண்டும். பாதி மூச்சு இழுத்தால் உடல் லேசாக எழும், விட்டால் தாழும். இடுப்பு ஈயத்தைச் சரியாகக் கட்டி மூச்சாலேயே உயரத்தைப் பிடித்து நிற்கப் பழகினால், கையும் காலும் எதிலும் படாமல் மிதக்கலாம். விண்வெளியில் மிதப்பது எப்படியிருக்கும் என்பதற்கு இந்த மிதப்பைத்தான் கிளார்க் உவமையாகச் சொல்லி வந்தார். ஈயம் கூடிப்போனவர் தாழ்ந்துபோய், பதறி, எட்டிய கல்லைப் பிடிப்பார். அந்தக் கல் கல்மீனாக இருக்கலாம். அதன் முதுகு முள்ளில் உள்ள நஞ்சு உயிருக்கே ஆபத்து. பட்டுவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்திக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் முறியும். பிடித்த கல் கல்லாகவே இருந்தாலும் அதன்மேல் யாரோ குடியிருக்கிறார்கள். உருண்டு திரண்டு வளரும் திரட்சிப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. துடுப்புக்காலால் ஒரு தட்டு தட்டினால் உடைவது பல ஆண்டு வளர்ச்சி.

நிறங்களையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் குடித்துவிடுகிறது. 15 மீட்டரில் செக்கச்செவேலென்ற மீனும் சாம்பலாகத்தான் தெரியும். குகைக்குள் பகலைக் கழிக்கும் மீன்களில் பல சிவப்பாக இருப்பது அதனால்தான். அங்கே சிவப்பு ஒளிந்துகொள்ளும் நிறம். கையிலுள்ள டார்ச்சை அடித்தால் மட்டும் கிண்ணப்பவளத்தின் செம்மஞ்சளும் கடற்பஞ்சின் குங்குமமும் திடுக்கென்று எழும்பும்.

பாறையை ஒட்டி வாழும் மீன்களுக்கு ஒரு பலவீனம் உண்டு: அவை இடம் விட்டுப் போவதில்லை. கலவாவில் பல இனங்கள் பெண்ணாகத் தொடங்கி, பெரிதான பிறகு ஆணாக மாறுகின்றன. ஆகவே ஒரு பாறையில் உள்ள மிகப் பெரிய மீன்களைத் தேடிப் பிடித்தால், ஆண்களைத்தான் அள்ளிக்கொண்டு போகிறோம். இலங்கையில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் குத்துவதற்குத் தடை இருப்பது நல்ல காரியம். டைனமைட்டும் தடைதான், 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. ஆனாலும் திருகோணமலைக் கடலில் வெடிச்சத்தம் நின்றபாடில்லை. வெடித்தால் மீனின் காற்றுப்பை கிழிகிறது. காற்றுப்பை கிழிந்த மீன் பெரும்பாலும் மூழ்கும், மிதக்காது. வெடி போட்டவருக்குக் கிடைப்பது ஒரு பங்கு, அடியில் அழுகுவது மீதி. குஞ்சுகள் ஒட்டக் காத்திருந்த கல்லும் நொறுங்கிச் சல்லியாகிறது. சல்லி அலையில் உருளும். உருளும் கல்லில் எதுவும் வேர்பிடிக்காது. அந்த இடம் மறுபடி மணலோடு மணல்தான். பாறையில் சிக்கி அறுந்த நைலான் வலைகளும் அப்படித்தான், ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். முங்கப் போகிறவர்கள் கத்தியோடு போய் அவற்றை வெட்டியெடுத்து வருவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை, கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் இந்தக் கரை மலைக்கும் நிலத்துக்கும் மறைவாக இருக்கிறது. கடல் படியும், தண்ணீர் தெளியும், படகுகள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் மழையும் ஆற்றுக் கலங்கலும் சேர்ந்து ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போகும். சிலிண்டர்களைக் கழுவிக் காயவைத்து உள்ளே அடுக்கிவிடுவார்கள். அலை மலையடியில் நேராக வந்து மோதும். ஒவ்வோர் அலை ஏறும்போதும் கொட்டலசு மூடியைத் திறந்து கால்களை நீட்டும். அலை இறங்கும்போது மூடிக்கொள்ளும்.